தொலைந்த சாவியும் கையடக்க யந்திரமும்

மோட்டார் வாகனத்தின் சாவி பல்வெட்டிய இரும்புத் துண்டு மட்டுமாக இருந்த காலத்தில், அதைத் தொலைத்தவர் மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் அரமும் கையுமாக அமர்ந்திருக்கும் சாவிக்காரரைத் தேடிப் போனால், ஒரு காப்பி குடித்து வருவதற்குள் காரியம் முடிந்துவிடும். இன்று அதே சாவிக்காரர் அதே நேர்த்தியோடு வெட்டிக் கொடுக்கும் சாவி கதவைத் திறக்கிறது, இக்னிஷனில் தடையின்றித் திரும்பவும் செய்கிறது; என்ஜின் மட்டும் ஒருமுறை உறுமிவிட்டு அடங்கிவிடுகிறது. சாவியின் தலைக்குள் இருக்கும் அரிசியளவு சிப், தான் இன்னாரென்று சொல்லாத வரையில் வண்டி நகராது. ஐரோப்பாவில் 1998 முதல் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட இம்மொபிலைசர் என்னும் இந்தக் காவல் ஏற்பாடு, நம் ஊர்ச் சிறு கார்களிலும் இப்போது சர்வ சாதாரணம்.

சித்திரைத் திருவிழாவில், தல்லாகுளத்து எதிர்சேவை நெரிசலில், என் மைத்துனர் தம் பழைய ஹேட்ச்பேக்கின் சாவிகளில் ஒன்றைப் பறிகொடுத்தார். கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் சொன்ன விலையைக் கேட்டு அவர் மலைத்து நின்றதனால், வெளியில் இந்த வேலை எவ்வளவு தூரம் நம்பகமாக நடக்கிறது என்று பரீட்சித்துப் பார்க்கும் சந்தர்ப்பம் எனக்கு வாய்த்தது. பைபாஸ் ரோட்டில் கடை வைத்திருக்கும் இளைஞர் ஒருவரிடம் போனோம். "இன்னொரு சாவி கையில இருக்குல்லண்ணே? அப்பக் கவலைய விடுங்க" என்றார்.

அவர் எடுத்தது கீடிஐஒய் என்னும் சீனக் கம்பெனியின் கேடி-எக்ஸ்2 என்ற யந்திரம். எக்ஸ்ஹார்ஸ் கம்பெனியின் கீ டூலும் இத்தொழிலில் பரவலாகப் புழங்குவதே. இருக்கும் சாவியை அதன் மேல் வைத்தவுடன், சிப் 46 ஆம் ரகம் என்று திரையில் தெரிந்தது. பிறகு யந்திரத்தை இக்னிஷனுக்கு அருகே பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பினார்: சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் 125 கிலோஹெர்ட்ஸ் அலையை எழுப்ப, அந்த அலையிலிருந்தே சக்தியைப் பெற்றுச் சிப் மறுமொழி கூற, இரண்டுக்கும் இடையே நடக்கும் ரகசிய சம்பாஷணையை யந்திரம் ஒட்டுக்கேட்டு இணையத்தின் வழியே அனுப்பி, விடை வந்ததும் புதிய சிப்பில் எழுதிவிட்டது. கார் உடனே ஸ்டார்ட் ஆயிற்று. சாவி வெட்டியதும் சிப்பும் சேர்த்து 1,800 ரூபாய் வாங்கினார். சர்வீஸ் நிலையத்தில் கேட்டது இதைப்போல் மூன்று மடங்குக்கும் அதிகம்.

யந்திரத்தின் சாமர்த்தியத்தில் எனக்குக் குறையில்லை. வெட்டிய விதத்தில்தான் குறை. தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டினால் தேய்மானமும் சேர்ந்தே பிரதியாகும்; வண்டி வாங்கியபோது தந்த சாவி நம்பரைக் கொண்டு வெட்டச் சொல்வது உத்தமம். கூடவே வாங்கிய மாற்று ரிமோட்டின் பொத்தான்கள் சற்றே விறைப்பு. பழையது எட்டிய தூரத்தில் பாதியே எட்டுகிறது. ரிமோட் 433.92 மெகாஹெர்ட்ஸில் செல்லின் பலத்தால் பேசும் வேறொரு சாதனம். ஒவ்வோர் அழுத்தலுக்கும் குறியீடு மாறிக்கொண்டே போவதால் அதைச் சிப்பைப்போல் நகலெடுத்துப் பயனில்லை. காரிடம் புதிதாகப் பதிவு செய்தாக வேண்டும். ரிமோட் வேலை செய்யவில்லை என்று சாவியையே மாற்றக் கிளம்புகிறவர்கள், முதலில் உள்ளிருக்கும் செல்லை மாற்றிப் பார்ப்பது நலம்.

நகலுக்கும் பதிவுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை எந்தக் கடையிலும் தானாக எடுத்துச் சொல்வதில்லை. நகல் சிப்பைக் கார் பழைய சாவியாகவே பாவிக்கிறது. ஆகையால் தொலைந்த சாவியும் இன்னமும் அந்த வண்டியை ஸ்டார்ட் செய்யும். திருவிழாக் கூட்டத்தில் விழுந்த சாவியை எடுத்தவர் அது யாருடைய கார் என்று அறியமாட்டார். அதற்கு நகலே போதும் என்பது என் அபிப்பிராயம். ஆர்.சி. புக்கோடும் விலாசத்தோடும் கைப்பை களவு போயிருந்தாலோ, டாஷ்போர்டுக்குக் கீழுள்ள ஓபிடி போர்ட்டில் ஸ்கேனரை மாட்டித் தொலைந்த சாவியை அழித்துவிட்டுப் புதியதைப் பதிவு செய்வதே யுக்தம்.

இரண்டு சாவிகளும் போய்விட்டால் செலவு வேறு தினுசு. ஹூண்டாய் போன்ற வண்டிகளுக்கு ஆறு இலக்க ரகசிய எண் வேண்டும். அதைப் பெற ஆர்.சி.யும் அடையாள அத்தாட்சியும் காட்ட வேண்டும். மேலூரிலோ சோழவந்தானிலோ வண்டி நின்றுபோயிருந்தால் அதை இழுத்துவரும் கூலி தனி. வண்டியே களவு போனால் இன்ஷூரன்ஸ்காரர்கள் இரண்டு சாவிகளையும் கேட்பது வழக்கமாதலால், தொலைந்தவுடன் போலீஸில் ஒரு மனு கொடுத்து ரசீது வாங்கி வைத்துக்கொள்வது அவசியம். பாலிசியில் சாவிக்கெனத் தனிக் காப்பு சேர்த்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம். சிலர் அதற்குப் பணம் கட்டிவிட்டு மறந்துபோகிறார்கள்.

பதிவு செய்யப் போகிறவர் வீட்டிலுள்ள எல்லாச் சாவிகளையும் கொண்டுபோக வேண்டும். பல வண்டிகளில் அந்த நேரத்தில் காட்டப்படாத சாவி தானே தள்ளுபடியாகிவிடும். எத்தனை சாவிகள் பதிவாகியுள்ளன என்ற கணக்குப் பெரும்பாலும் ஸ்கேனர் திரையிலேயே தெரியுமாகையால், பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் அதைக் காட்டச் சொல்லலாம்.