சிலப்பதிகாரத்தில் அரசனின் பொறுப்பேற்பு: பாண்டியர் இருவர்

தன் செயலின் விளைவுக்குத் தானே பொறுப்பேற்றல் தலைமைக்குரிய பண்புகளுள் தலையாயது. தமிழில் இப்பண்பிற்குச் சான்றாகப் பெரிதும் சுட்டப்பெறுபவன் பாண்டியன் நெடுஞ்செழியன். பிழையை உணர்ந்தவுடன் உயிர்நீத்தமையே அவனது பெருமை என்பது வழிவழியாகக் கூறப்படும் கருத்து. அவனது இறப்பைக் காட்டிலும் அதற்கு முன் அவன் கூறிய சொற்களே பொறுப்பேற்பின் இயல்பைக் காட்டுகின்றன என்பதையும், அவனுக்குப்பின் அப்பொறுப்பு தொடரவில்லை என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

பிழை எது?

கொலைக்களக் காதையில், தேவியின் ஊடல் தணிக்க விரையும் மன்னனைப் பொற்கொல்லன் வாயிலில் காண்கிறான். அவன் கூற்றைக் கேட்ட மன்னன், சிலம்பு கள்வனிடம் இருப்பின் அவனைக் கொன்று அதனைக் கொணருமாறு ஏவுகிறான். வினவவில்லை; எதிர்த்தரப்பைக் கேட்கவில்லை. கோவலனை நேரிற் கண்ட காவலரோ, இவன் கொலைக்குரியவன் அல்லன் எனத் தயங்குகின்றனர். அரசனுக்கு எழுந்திருக்க வேண்டிய ஐயம் ஏவலர்க்கு எழுகிறது. எனவே மன்னனின் பிழை தீய எண்ணம் அன்று, ஆராயாமை.

ஏற்றுக்கொண்ட முறை

வழக்குரை காதையில் கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்ததும் மன்னன் தன்னையே கள்வன் என்கிறான். பொற்கொல்லனை அவன் குறிப்பிடாமல் இல்லை. ஆயினும் பொற்கொல்லன் பொய்யுரைத்தான் என்று அவன் கூறவில்லை. அவன் சொல்லைத் தான் கேட்டதையே கூறுகிறான். பொய்யுரைத்த குற்றம் பிறனுடையது. அதனை ஆராயாது ஏற்ற குற்றம் தன்னுடையது. இவ்வேறுபாட்டை உணர்ந்து, தனக்குரிய பங்கைப் பிறர்மேல் ஏற்றாமையே இங்குப் பொறுப்பேற்பாகிறது.

தொடராத பொறுப்பு

மன்னன் மாண்டபின் மதுரை எரிகிறது. நாட்டில் மழையின்மையும் நோயும் தொடர்கின்றன. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டுக் கண்ணகிக்குச் சாந்தி செய்கிறான். உரைபெறு கட்டுரையும் நீர்ப்படைக் காதையும் இதனைக் கூறுகின்றன. ஒருவன் செய்த வஞ்சனைக்கு அவன் தொழிலினர் ஆயிரவர் உயிரிழக்கின்றனர். அவர்தம் குற்றம் ஆராயப்பட்டதாக நூலில் குறிப்பு இல்லை. முன்னவன் ஒருவன்பால் இழைத்த பிழை, பின்னவனால் ஆயிரவர்மேல் இழைக்கப்படுகிறது. முன்னவன் தன்மேல் ஏற்றுக்கொண்ட பழியைப் பின்னவன் ஒரு தொழிற்குழுவின்மேல் சுமத்துகிறான்.

இப்பலிக்குப்பின் மழை பெய்து நாடு செழித்தது என்று நூல் கூறுவதால், காப்பியம் இதனை ஏற்கிறது எனச் சிலர் வாதிடலாம். அக்கால நம்பிக்கையை நோக்க, அவ்வாதம் புறந்தள்ளத்தக்கதன்று. எனினும், ஆராயாது கொன்றதால் செங்கோல் வளைந்தது எனக் காட்டிய காப்பியத்துள்ளேயே இந்நிகழ்ச்சியும் இடம்பெறுகிறது. காப்பியம் தந்த அளவுகோலைக்கொண்டே வெற்றிவேற் செழியனையும் அளத்தல் முறையாகும்.

முடிவுரை

நெடுஞ்செழியன் பழியை ஏற்றான்; ஆனால் பழிக்குக் காரணமான ஆராயாமை அவனோடு மாயவில்லை. உயிரை ஈதல் பழியைத் தீர்க்கலாம், முறையைத் திருத்தாது. பிழைக்குப் பொறுப்பேற்கும் தலைமை, அப்பிழை மீண்டும் நிகழாமற் காக்கும் வழியையும் விட்டுச்செல்ல வேண்டும். பாண்டியர் இருவரையும் ஒருங்குவைத்துக் கற்கும்போதே இவ்வுண்மை புலனாகிறது. முதல்வனின் இறப்போடு பாடத்தை முடித்துக்கொள்ளும் வகுப்பறை, ஆயிரவரின் இறப்பை மறந்துவிடுகிறது.