அம்பலும் அலரும்: ‘காஞ்சிவரம்’ திரைப்படத்தில் ஊரறிவும் மறைபொருளும்

ஆய்வுச் சுருக்கம்

பிரியதர்சன் எழுதி இயக்கிய ‘காஞ்சிவரம்’ (2008) பட்டு நெசவாளரின் வறுமையைப் பேசும் படமாகவே பெரிதும் அறியப்படுகின்றது. அப்படத்தில் அயலாரும் ஊராரும் எதை அறிகின்றனர், எதை அறியாதிருக்கின்றனர், அறிந்தபின் என்ன செய்கின்றனர் என்பதை அகப்பொருள் மரபின் அம்பல், அலர் ஆகிய கருத்தாக்கங்களைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கின்றது. ஊரறிய உரைத்த வாக்கை ஊரறியா வழியில் நிறைவேற்ற முயல்வதே வேங்கடத்தின் வீழ்ச்சிக்குக் காரணம் என்பதும், மறைபொருளை ஊரின் பொறுப்பாக மாற்றும் ‘தோழி’யின் இடம் படத்தில் வெறுமையாக இருப்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அம்பல், அலர், அறத்தொடு நிற்றல், காஞ்சிபுரம், பட்டு நெசவு, அயலார், மறைபொருள்

முன்னுரை

55ஆம் தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த திரைப்படத்திற்கான விருதையும், பிரகாஷ்ராஜுக்குச் சிறந்த நடிகருக்கான விருதையும் பெற்ற படம் ‘காஞ்சிவரம்’. 1948இல் சிறையிலிருந்து இரண்டு நாள் விடுப்பில் காவலர் துணையுடன் ஊர் திரும்பும் நெசவாளி வேங்கடத்தின் நினைவோட்டமாகக் கதை விரிகின்றது. பட்டு நெய்பவன் தன் மனைவிக்கோ மகளுக்கோ ஒரு பட்டுப்புடவை எடுக்க இயலாத முரண் இப்படத்தின் அடித்தளம். இம்முரணை முதலாளி, தொழிலாளி என்னும் இரு முனைகளுக்குள் மட்டும் நிறுத்திப் படித்தால், மூன்றாவது முனையாகிய ஊர் வெறும் பின்புலமாகச் சுருங்கிவிடும். கதையின் ஒவ்வொரு திருப்பமும் ஊரார் முன்னிலையிலோ ஊராருக்குத் தெரியாமலோதான் நிகழ்கின்றது. ஆதலின் ஊரின் அறிவே கதையை நகர்த்தும் விசை எனலாம்.

அம்பல், அலர்: கருத்தாக்க விளக்கம்

களவொழுக்கம் குறித்த ஊர்ப்பேச்சைத் தமிழ் இலக்கணம் இரு படிகளாகப் பகுக்கின்றது. இறையனார் களவியலுக்கு அமைந்த உரை, அம்பலை மலராத முகையின் நிலையாகவும் அலரை விரிந்த மலரின் நிலையாகவும் விளக்கும். ஏதோ ஒன்று உண்டு என்று உணர்ந்தும் அது இன்னது என்று தெளியாத நிலை அம்பல். இன்னானுக்கும் இன்னாளுக்கும் இடையிலது என்று வெளிப்படப் பேசும் நிலை அலர். இப்பகுப்பு அறிவின் அளவைக் குறிப்பதோடு அமைவதில்லை. அறிந்தோரின் பொறுப்பு எங்குத் தொடங்குகின்றது என்பதையும் அது சுட்டுகின்றது.

திருக்குறள் 19ஆம் அதிகாரத்தில் புறங்கூறுதலைக் கடிந்துரைக்கின்றது. அந்நூலே 115ஆம் அதிகாரமாகிய ‘அலர் அறிவுறுத்த’லில் ஊர்ப்பேச்சால் காதல் வளர்வதைப் பாடுகின்றது. ஊரார் பேச்சைப் பயிருக்கு இடும் எருவாகக் கருதும் குறளும் அங்கு உண்டு. இதனை முரண்பாடு என்று ஒதுக்குவதற்கில்லை. ஒருவரைத் தாழ்த்துவதோடு முடியும் பேச்சு வேறு. மறைந்திருப்பதை வெளிப்படுத்தி அதற்கொரு முடிவு காணத் தூண்டும் பேச்சு வேறு. சங்க அகப்பாடல்களில் அலர் வரைவை விரைவுபடுத்துகின்றது. அவ்வாறு நிகழ்வதற்குத் தோழி வேண்டும். அவள் அலரைத் தலைவனுக்கு உணர்த்தி வரைவு கடாவுகிறாள். செவிலிக்கு அறத்தொடு நிற்கிறாள். அலரும் தோழியும் இணைந்த வழியே களவு கற்பாக மாறுகின்றது. தோழி இல்லாத அலர் வடுவாக மட்டுமே எஞ்சும்.

வாக்கும் அதன் சாட்சிகளும்

மகள் தாமரை பிறந்த பின் நிகழும் சடங்கில் தந்தை குழந்தைக்கு ஒரு வாக்குத் தருவது வழக்கமாகக் காட்டப்படுகின்றது. திருமணத்தன்று பட்டுப்புடவை உடுத்தி அனுப்புவேன் என்கிறான் வேங்கடம். கூடியிருந்தோர் திகைக்கின்றனர். அவர்கள் அவனுடன் ஒரே கூடத்தில் தறியில் அமர்பவர்கள். அவன் பெறும் கூலியையே பெறுபவர்கள். வாக்கு நிறைவேறாது என்பதை அவர்களால் அந்த நொடியிலேயே கணக்கிட்டுவிட முடியும். மனைவி அன்னத்தின் அச்சமும் இக்கணக்கிலிருந்தே பிறக்கின்றது. எனவே அவ்வாக்கு தந்தைக்கும் மகளுக்கும் இடையில் அடங்கிவிடுவதில்லை. அன்று அங்கிருந்த ஒவ்வொருவரும் அதன் சாட்சியாகின்றனர்.

வேங்கடத்திடம் சேமிப்பு இருந்தது. அது தங்கையின் இல்வாழ்க்கையைக் காக்க அவள் கணவனிடம் போய்ச் சேர்கின்றது. படத்தின் முதல் மறைபொருள் இதுவே. பட்டிழைத் திருட்டு அதற்குப் பின்னர் வருவது. சேமிப்புக் கரைந்ததை ஊரில் சொன்னால் தங்கையின் குடும்ப மானம் பேச்சுக்கு இரையாகும். சொல்லாவிடில் வாக்கு நிலுவையில் நிற்கும். ஒரு மறைபொருளைக் காக்க மற்றொன்று தேவைப்படுகின்றது. பட்டிழையை வாயில் அடக்கிக் கொணர்ந்து இரவில் புடவை நெய்யும் அவனது செயல், உடைமை மீதான பேராசையாக அன்றி, அலருக்கு அஞ்சியவனின் செயலாகவே தொடங்குகின்றது.

தறியின் ஓசையும் அயலாரின் செவியும்

காஞ்சிபுரப் பட்டின் தனி அடையாளம் கோர்வை. உடலையும் கரையையும் வெவ்வேறு ஊடையால் நெய்து இணைக்கும் இம்முறையில் மூன்று நாடாக்கள் இயங்கும். நெய்பவருடன், மறுகரையில் நாடாவைத் தள்ளித் தரத் துணையாள் ஒருவரும் வேண்டும். பாவைத் தெருவில் நீட்டிச் சீர்செய்தல், பழைய பாவின் முனையோடு புதிய பாவைப் பிணைத்தல், தார் சுற்றுதல் ஆகியவை வீட்டாரும் அயலாரும் கைகொடுக்கும் வேலைகள். குழித்தறியின் ஓசை சுவர் கடந்து கேட்கும். நெசவாளர் தெருவில் பகலில் அவ்வோசையை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் நள்ளிரவில் எழும் தறியோசை அயலாருக்கு ஒரு செய்தி.

படம் இவ்விடத்தில் எளிய வழியைத் தேர்கின்றது. நெசவு, ஒருவன் தனித்திருந்து இருளில் செய்யும் வேலையாகக் காட்டப்படுகின்றது. தனிமையின் துயரத்தைக் காட்சியாக்க இது பயன்படுகின்றது. திரு அவர்களின் ஒளிப்பதிவு அதற்குத் துணைநிற்கின்றது. ஆயினும் தொழிலின் இயல்பைக் கருதினால், நெசவாளர் குடியிருப்பில் முழுமையான மறைபொருள் இயலாது. ஆண்டுக்கணக்கில் நீளும் இரவு நெசவை ஒருவரேனும் கேட்டிருப்பர். கேட்டவர் ஏன் வினவவில்லை? தாமும் அதே ஆசையை உள்ளே வைத்திருந்ததாலா? வினவினால் காட்டிக்கொடுக்க நேரும் என்பதாலா? அயலாரின் இத்தகைய அறிந்தும் அறியாமையே ஊர் வாழ்வின் நுட்பமான பண்பு. இவ்வினாக்களைப் படம் எழுப்பாதது ஒரு குறையே. அயலாரைச் செவியற்றவராக்கியதன் மூலம், அவர்களது மௌனம் பரிவா, அச்சமா என்று ஆராயும் வாய்ப்பை அது இழக்கின்றது.

வேலைநிறுத்தம்: பிழைபட்ட அலர்

வேங்கடம் பொதுவுடைமைக் கருத்துகளால் ஈர்க்கப்பட்டு நெசவாளரின் கோரிக்கைகளுக்குத் தலைமை ஏற்கிறான். வேலைநிறுத்தம் தொடங்குகின்றது. இராணுவ விடுப்பில் வந்த நண்பர் மகனுக்கும் தாமரைக்கும் திருமணம் உறுதியாகி நாள் நெருங்குகின்றது. தறிக்கூடம் மூடியிருக்கும் வரை பட்டிழை கிடைக்காது, புடவை முடியாது. போராட்டத்தைத் தொடங்கியவனே அது முடிய வேண்டும் என்று விரும்பும் நிலைக்குத் தள்ளப்படுகிறான்.

உடன் உழைப்போருக்கு அவனது மனமாற்றம் புலப்படுகின்றது; காரணம் புலப்படுவதில்லை. இலக்கண வழக்கில் சொன்னால் இது அம்பல் நிலை. முகை மலருமுன் ஊரார் தாமே அதற்கு ஒரு நிறத்தைக் கற்பித்துக்கொள்கின்றனர். அவன் துணிவிழந்தான், துரோகம் இழைத்தான் என்னும் பொருள் கொள்ளப்படுகின்றது. இதனைப் பிழைபட்ட அலர் எனலாம். அகப்பாடல்களின் அலர் பெரும்பாலும் உண்மையைச் சென்று தொடுவது. இங்கோ அலர் உண்மையைத் தவறவிடுகின்றது. எனினும் தோழர்களின் குற்றச்சாட்டு முற்றிலும் தவறு என்றும் சொல்வதற்கில்லை. முதலாளியிடமிருந்து எடுக்கப்பட்ட இழைக்கு உரிய விலையைப் போராட்டத்தின் வழியாகத் தோழர்களே செலுத்துகின்றனர்.

வாய் என்னும் மறைவிடம்

திருடிய இழையை மறைக்கும் இடமாக வாய் அமைவது ஆழ்ந்து நோக்கத்தக்கது. மகளுக்கு வாக்களித்ததும், உரிமை கோரி முழங்கியதும் அதே வாய். இழை உள்ளே இருக்கும் வரை அவனால் பேச இயலாது. வேலைக்குத் திரும்பிய வேங்கடம் சோதனையில் அகப்படும்போது அவ்வாயிலிருந்து சொல்லுக்கு மாறாக நூல் வெளிவருகின்றது. ஊரார் அறிய வேண்டியிருந்த உண்மை, அவன் சொல்லாக வராமல் குற்றத்தின் சான்றாக வருகின்றது. தானே உரைப்பதற்கும் பிறரால் வெளிப்படுத்தப்படுவதற்கும் உள்ள இவ்வேறுபாடே அறத்தொடு நிற்றலையும் அவமானத்தையும் பிரிக்கும் கோடு.

காஞ்சிபுரத்தை அடுத்த செய்யாற்றங்கரை ஊராகிய மாகறல், திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற தொண்டை நாட்டுத் தலம். புற்றுக்குள் ஒளிந்த பொன் உடும்பைத் தேடி மன்னன் புற்றைத் தோண்டச் செய்தபோது குருதி பெருகியது என்றும், பின்னர் அவ்விடமே வழிபாட்டிடமாயிற்று என்றும் அதன் தலவரலாறு கூறும். மறைந்திருப்பதைத் தோண்டியோர், தோண்டியதால் நேர்ந்த காயத்திற்கும் பொறுப்பேற்க வேண்டும் என்னும் உணர்வை இத்தொன்மத்தில் காணலாம். திரைப்படத்து ஊரில் தோண்டுதல் நிகழ்கின்றது; பொறுப்பேற்றல் நிகழவில்லை.

தோழியின் வெற்றிடம்

வேங்கடம் சிறைப்பட்ட பின் தாமரை விபத்தில் முடங்குகிறாள். அவளைப் பேண ஆளில்லாத நிலையில்தான் அவனுக்கு அந்த இரண்டு நாள் விடுப்புக் கிடைக்கின்றது. யாருடைய இல்வாழ்க்கைக்காகச் சேமிப்பைக் கொடுத்தானோ, அத்தங்கையின் வீடு அவன் மகளை ஏற்க மறுக்கின்றது. வாக்குக்குச் சாட்சியாக நின்ற அயலாரில் எவரும் அவ்விடத்தை நிரப்ப முன்வரவில்லை. ஊரார் இப்போது எல்லாவற்றையும் அறிவர். அலர் முழுமையாக மலர்ந்துவிட்டது. ஆனால் அவ்வறிவைச் செயலாக மாற்றுபவர் எவருமில்லை. வேங்கடம் மகளுக்கு நஞ்சூட்டி, முடிவுறாத அப்புடவையால் அவள் உடலைப் போர்த்துகிறான். துணி போதவில்லை. முகத்தை மூடினால் கால் வெளிப்படுகின்றது. காலை மூடினால் முகம் வெளிப்படுகின்றது.

தோழியின் இடத்தை நிரப்பியிருக்கக் கூடியது எது? தொழிலாளர் ஒற்றுமையே என்பது படத்தின் அமைப்பிலிருந்து பெறப்படும் விடை. நெய்பவர் எவரும் தம் பெண்டிர்க்குப் பட்டு உடுத்த இயலாத ஊரில் வேங்கடத்தின் ஆசை அவன் ஒருவனுக்கு மட்டும் உரியதன்று. அது எல்லா வீட்டிலும் பேசப்படாமல் கிடந்தது. கூலி உயர்வுக் கோரிக்கையின் உள்ளீடாக அவ்வாசை வெளிப்படையாக வைக்கப்பட்டிருந்தால், ஒருவனின் மறைபொருள் பலரின் உரிமையாக மாறியிருக்கும். அவன் கோரிக்கையை ஊருக்கும் ஆசையைத் தனக்குமாகப் பிரித்துக்கொண்டான். அப்பிரிவிலேயே துயரம் முளைக்கின்றது.

முடிவுரை

‘காஞ்சிவரம்’ வறுமையின் கதை என்பதில் ஐயமில்லை. அதனோடு, அயலார் அறிவைக் கண்டு அஞ்சிய ஒருவனின் கதையாகவும், அறிந்தபின் விலகிநின்ற ஓர் ஊரின் கதையாகவும் அது அமைகின்றது. அம்பல், அலர் என்னும் பகுப்பு காதல் ஒழுக்கத்தோடு நின்றுவிடாமல், வறுமை, கடன், வாக்கு ஆகியவற்றை ஒட்டிய ஊர்ப்பேச்சை ஆராயவும் பயன்படும் என்பது இவ்வாசிப்பால் தெளிவாகின்றது. நெசவுத் தொழிலின் கூட்டியல்பைப் படம் போதிய அளவு கருத்தில் கொள்ளவில்லை எனினும், மறைபொருள் வெளிப்பட்ட பின் ஊர் என்ன செய்தது என்னும் வினாவை அதன் இறுதிக்காட்சி விடாது எழுப்புகின்றது. சிற்றூர் வாழ்வைப் பேசும் தற்காலப் புனைவுகளை அணுகுவோர், ஊர்ப்பேச்சின் கொடுமையைப் பதிவு செய்வதோடு நில்லாமல், அப்பேச்சை அறமாக மாற்றவல்ல தோழியின் இடம் அப்புனைவில் உண்டா என்றும் தேடுதல் வேண்டும்.