பாலரினா 10, 11: வேகம் எங்கே கூடியது?

கொழும்பிலேயே உருவான நிரல்மொழி ஒன்று இருக்கிறது என்றால் வெள்ளவத்தையில் கோட் எழுதும் பொடியன்களே பலர் நம்புவதில்லை. கொள்ளுப்பிட்டியில் இயங்கும் டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தின் பாலரினாதான் அது. 2019 செப்டெம்பரில் 1.0, 2022 தொடக்கத்தில் 'சுவான் லேக்' பதிப்பு, அதன்பின் அதற்கு அப்டேட்டுக்கு மேல் அப்டேட்.

1.0க்கு முன்பு அது சொந்த மெய்நிகர் இயந்திரத்தில் ஓடியது, 1.0இல் ஜாவா பைட்கோடுக்கு மாறியது. அதற்குப் பிறகு வேகத்தைத் தொட்ட பெரிய மாற்றம் அப்டேட் 11தான். ஜாவா 17 போய் ஜாவா 21 வந்தது, கூடவே மெய்நிகர் திரெட்களும்.

கொட்டாஞ்சேனையில் மொத்த வியாபாரம் செய்யும் நண்பரின் கடைக்கு ஓர்டர் வாங்கும் சிறு சேவை ஒன்றை அப்டேட் 10, 11 இரண்டிலும் ஓட்டினேன். 'பால் டிஸ்ட் யூஸ்' என்று அடித்தால் பதிப்பு மாறிவிடும், அதில் தலையிடியில்லை. ஜாவா சூடேறும்வரை வரும் முதல் கோரிக்கைகளைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. வேகம் ஒப்பிடுகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

கோரிக்கை ஒவ்வொன்றாக வந்தால் 11 வாங்கித்தரும் லாபம் ஒன்றுமில்லை. டேட்டாபேஸ் இழுபடும் நேரத்தில் ஓர்டர்கள் குவிந்தால்தான் சங்கதி தெரியும். காத்திருப்பது மெய்நிகர் திரெட் மட்டும். நிஜத் திரெட் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. ஆனால் ஜாவா 21இல் 'சிங்க்ரனைஸ்ட்' பூட்டுக்குள் காத்திருந்தால் நிஜத் திரெட்டும் சேர்ந்தே முடங்கும். ஜாவா 24இல்தான் அது தீர்ந்தது. பழைய மைஎஸ்கியூஎல் டிரைவர்களில் அந்தப் பூட்டுகள் நிறைய. டிரைவரை மாற்றாமல் 11க்குத் தாவிவிட்டு "வேகமே இல்லையே" என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

நிரலை முன்கூட்டியே நேரடி இயந்திரக் கோப்பாக மாற்றும் கிரால்விஎம் வசதி இரண்டிலும் உண்டு. பில்ட் கட்டளையோடு அதையும் சேர்த்தால் நிமிடக்கணக்கில் மடிக்கணினி விசிறி இரைகிறது, 8 ஜிபி ரேம் திணறுகிறது, குரோமை மூடத்தான் வேண்டும். வெளியே வரும் கோப்போ எண்டர் தட்டியதும் எழுந்து நிற்கிறது, நினைவகமும் குறைவாகவே எடுக்கிறது. 2022இல் ரூபாய் சரிந்த பிறகு கிளவுட் பில்லை டொலரில் கட்டுகிறவர்களுக்கு இது சின்ன விசயமில்லை. ஆனால் நாள் முழுக்க ஓயாமல் ஓடும் சேவை என்றால் சூடேறிய ஜாவாவே முந்தக்கூடும்.

நண்பரின் சேவை கடைக் கணினியிலேயே காலை முதல் இரவுவரை ஓடுவது. அதற்கு 11, புது டிரைவர், சாதாரண பில்ட்.