டோலி தூக்கியவர்கள்

காந்திஜியின் ‘சத்திய சோதனை’யை ஒரு நாவலைப் படிப்பது போலவே நான் படித்து வருகிறேன். இப்படிச் சொன்னால் பக்தர்களுக்குக் கோபம் வரலாம். ஆனால் கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு வேறு விதமாகப் படிக்கத் தெரியாது. ஆசிரியர் எதைச் சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்றுதான் அவன் கண் போகும்.

சமீபத்தில் இளம் எழுத்தாளர் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். யுத்தகளத்தில் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்யும் ஒருவனைப் பற்றி நாவல் எழுதப் போகிறாராம். அதற்கு முன் எதைப் படிக்கலாம் என்று கேட்டார். மேனாட்டு நாவல் எதையாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. “சத்திய சோதனையைப் படியுங்கள்” என்றேன். “அதில் யுத்தம் எங்கே வருகிறது, ஸார்?” என்றார் அவர்.

மூன்று இடங்களில் வருகிறது. 1899-ல் போயர் யுத்தம், 1906-ல் ஜூலுக் கலகம், 1914-ல் ஐரோப்பிய மகாயுத்தம். மூன்று தடவையும் காந்திஜி முன்வந்தது காயம்பட்டவர்களுக்குப் பணிவிடை செய்யத்தான். ஒரு பாரிஸ்டர் அந்த வேலையை எப்படிக் கற்றுக்கொண்டார்? இந்தக் கேள்வியோடு அந்த அத்தியாயங்களைத் திரும்பப் படித்தேன்.

ஆரம்பம் யுத்தத்தில் இல்லை. வீட்டு வாசலில் இருக்கிறது. குஷ்டரோகி ஒருவன் பிச்சை கேட்டு வருகிறான். காந்திஜி அவனுக்கு உணவளித்து, வீட்டிலேயே தங்க வைத்து, புண்களைக் கட்டுகிறார். சில நாள் கழித்து அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டாலும் மனம் ஆறவில்லை. டர்பனில் டாக்டர் பூத் என்ற பாதிரியாரின் மேற்பார்வையில், பார்ஸி ருஸ்தம்ஜியின் நன்கொடையால் ஒரு சிறிய தரும வைத்தியசாலை ஏற்படுகிறது. அங்கே தினமும் காலையில் ஒன்றிரண்டு மணி நேரம் கம்பவுண்டர் வேலை பார்க்கிறார். நோயாளியிடம் என்ன உபாதை என்று விசாரித்து டாக்டரிடம் சொல்வது, அவர் எழுதிக் கொடுத்த மருந்தைக் கலந்து கொடுப்பது, இவ்வளவுதான் வேலை. வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள். தமிழ், தெலுங்கு, இந்துஸ்தானி பேசுகிறவர்கள். கட்டுக் கட்டக் கற்பதற்கு முன்னால், “எங்கே வலிக்கிறது?” என்று கேட்கக் கற்றுக்கொண்டார் என்று இதைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுகிறது.

பிறகு போயர் யுத்தம் வருகிறது. இந்தியர்கள் உதவிக்கு வந்தபோது சர்க்கார் முதலில் வேண்டாம் என்றது. தோல்விகள் நெருக்கிய பிறகே ஏற்றுக்கொண்டது. டாக்டர் பூத் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். உடல் தகுதிக்கு அத்தாட்சிகள் வாங்கினார்கள். ஆசிரியர் இதை இரண்டே வாக்கியங்களில் முடித்துவிட்டுப் போர்க்களத்துக்குப் போய்விடுகிறார்.

இங்கேதான் எனக்குக் குறை. பயிற்சி என்பது இரண்டு வாக்கியச் சங்கதியா? டோலி தூக்குவதையே எடுத்துக்கொள்வோம். தூக்குகிறவர்கள் சிப்பாய்களைப் போல ஒரே கால் வைத்து நடக்கக் கூடாது. நடந்தால் டோலி ஊசலாடும். முறிந்த எலும்பு உரசும். முன்னால் போகிறவன் இடது காலை வைத்தால், பின்னால் வருகிறவன் வலது காலை வைக்க வேண்டும். பட்டாளத்தில் ஒருவன் கற்கும் முதல் பாடத்தையே இவன் மறந்தாக வேண்டும்! இப்படி ஒரு விவரமாவது கிடைக்காதா என்று தேடினேன். கிடைக்கவில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது முதலுதவி வகுப்பு உண்டு. முக்கோணத் துணியை மடித்து, நல்ல கையுள்ள பையனுக்குத் தூளி கட்டி மார்க்கு வாங்குவோம். ஒரு நாள் மதில் மேலிருந்து ஒரு பையன் விழுந்தான். முழங்கைக்குக் கீழே எலும்பு வெளியே தெரிந்தது. வகுப்பில் முதல் மார்க்கு வாங்கியவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். அந்த முதல் மார்க்குக்காரன் நான்தான். காவல்காரர் தம் துண்டைக் கிழித்துக் கட்டினார். பயிற்சிக்கும் ரத்தத்துக்கும் நடுவே உள்ள அந்த ஒரு கணத்தை யாராவது எழுதியிருக்கிறார்களா என்று அன்று முதல் தேடுகிறேன்.

காந்திஜியின் படையில் 1,100 பேர். தலைவர்கள் சுமார் நாற்பது பேர். சுதந்திர இந்தியர்கள் முந்நூறு பேர். மற்றவர்கள் ஒப்பந்தக் கூலிகள். ஆறு வாரம் வேலை செய்தார்கள். குண்டு விழும் எல்லைக்குள் போக வேண்டியதில்லை என்பது ஏற்பாடு. 1900 ஜனவரியில் ஸ்பியன் காப் குன்றில் ஆங்கிலேயர்கள் முறியடிக்கப்பட்டதும், உள்ளே வந்து தூக்க முடியுமா என்று ஜெனரல் புல்லர் கேட்டனுப்பினார். போனார்கள். காயம்பட்டவர்களைச் சுமந்துகொண்டு ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து மைல் நடந்தார்கள். பின்னர் தலைவர்களுக்குப் போர்ப் பதக்கம் கிடைத்தது.

அந்த எண்ணூறு கூலிகள்? அவர்களில் ஒருவனுக்குக்கூட இந்த அத்தியாயத்தில் பெயர் இல்லை, முகம் இல்லை. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒப்பந்தத் தொழிலாளர் ஏறக்குறைய 1,52,000 பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு சென்னையில் கப்பலேறியவர்கள். ஆகவே அந்த டோலிகளைச் சுமந்த தோள்களில் பல தமிழ்த் தோள்கள் என்று கொள்வதில் தவறிருக்காது.

காந்திஜிக்கு எழுதத் தெரியாமல் இல்லை. அதே புத்தகத்தில் பாலசுந்தரம் வரும் இடத்தைப் பாருங்கள். கிழிந்த உடை, கையில் பிடித்த முண்டாசு, உடைந்த இரண்டு முன்பற்கள், ரத்தம் வழியும் வாய். நாலே கோடுகளில் ஒரு தமிழ்க் கூலி நம் முன்னால் வந்து நின்றுவிடுகிறான். 1900 மே மாதம் தேவதாஸ் பிறந்தபோது தாமே பிரசவம் பார்த்ததையும், அதற்காக முன்கூட்டிப் படித்த புத்தகத்தையும்கூடச் சொல்கிறார். தனி மனிதனாக எதிரே வந்தால் அவர் பேனா உயிர் பெறுகிறது. கூட்டமாக வந்தால் கணக்காகிவிடுகிறது.

ஜூலுக் கலகப் பகுதியில் இந்தக் குறை இல்லை. படை சிறியது, இருபத்துநாலு பேர். அவர்கள் பராமரித்தது போரில் காயமடைந்த சிப்பாய்களை அல்ல. சந்தேகத்தின்பேரில் பிடித்துச் சவுக்கால் அடிக்கப்பட்ட ஜூலுக்களின் புண்கள், கவனிப்பாரில்லாமல் புரையோடிக் கிடந்தன. வெள்ளைக்காரர்கள் தொட மறுத்த புண்கள் அவை. எந்தக் கொடியின் கீழ் வேலை செய்கிறோமோ அந்தக் கொடியே உண்டாக்கிய புண்ணைக் கழுவுவது! எந்த வகுப்பிலும் இதற்குப் பாடம் கிடையாது. இந்தப் பக்கங்கள் ஒரு பெரிய நாவலாசிரியன் பொறாமைப்பட வேண்டியவை.

லண்டன் பகுதியில் பயிற்சியே கதையாகிறது. டாக்டர் காண்ட்லீ ஆறு வாரம் முதலுதவி வகுப்பு நடத்துகிறார். வகுப்பில் சுமார் எண்பது பேர். பரீட்சையில் ஒருவரைத் தவிர எல்லோரும் தேறினார்கள். அந்த ஒருவர் யார்? அன்றிரவு அறைக்குத் திரும்பி என்ன செய்தார்? ஆசிரியர் சொல்லவில்லை. ஒரு சிறுகதை அங்கே காத்துக்கொண்டிருக்கிறது. பிறகு டிரில். மேலதிகாரி தம் இஷ்டப்படி ஆக்ஸ்போர்டு மாணவர்களைச் சிறு பிரிவுகளுக்குத் தலைவர்களாக நியமிக்கிறார். காந்திஜியும் நண்பர்களும் மறுக்கிறார்கள். கடைசியில் அவர் நோய்வாய்ப்பட்டு, இந்தியாவுக்குக் கப்பலேறுகிறார். முறையான படிப்பு கிடைத்தபோது களத்தில் வேலை கிடைக்கவில்லை. களம் கிடைத்தபோது படிப்பு அற்பசொற்பம்.

இதையெல்லாம் குற்றப்பத்திரிகையாக நான் எழுதவில்லை. ‘சத்திய சோதனை’ ஓர் ஆத்மாவின் சரித்திரம். படையின் சரித்திரம் அல்ல. கூலிகளின் பெயரை எழுதி வைப்பேன் என்று அதன் ஆசிரியர் வாக்களிக்கவும் இல்லை. அவர் எண்ணிக்கையையாவது கொடுத்துவிட்டுப் போனார். அந்த எண்ணை மனிதர்களாக்குவது யார் பொறுப்பு? கதை எழுதுகிற நம் பொறுப்புத்தான். நூற்றிருபது வருஷங்களுக்கு மேல் ஆகிவிட்டன.

இளம் எழுத்தாளரிடம் இதைத்தான் சொல்லியனுப்பினேன். கரும்புத் தோட்டத்திலிருந்து வந்த ஒருவனுக்கு முதலில் ஒரு பெயர் வையுங்கள். டோலியின் பின் கைப்பிடியை அவனிடம் கொடுங்கள். முன்னால் போகிறவன் இடது காலை எடுத்து வைக்கிறான். இவன் எந்தக் காலை வைப்பான் என்பதிலிருந்து தொடங்குங்கள்.