நடிகனை ஆக்கிய இரு பள்ளிகள்

நடிப்பு என்பது பிறவியிலேயே வாய்ப்பது. கற்பித்தால் வருவதன்று என்பது மக்களிடையே நெடுங்காலமாக நிலவிவரும் கருத்து. சிறந்த நடிகன் ஒருவனைக் கண்டு வியப்போர், அவன் பின்னே நிற்கும் ஆசிரியரையும், தொண்டை வறள அவன் பாடம் ஒப்புவித்த இரவுகளையும் நினைப்பதில்லை. ஆயின், தமிழ் மரபு இக்கருத்துக்கு உடன்பட்டதன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் மாதவி ஐந்தாம் வயதிலே பயிற்சி தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதிலே அரங்கேறுகின்றாள். அவளுக்கு வாய்த்த ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழாசிரியன் என்போருடைய இலக்கணத்தையே அக்காதையில் இளங்கோவடிகள் விரித்துரைக்கின்றார். கலைஞர் ஒருவர் தோன்றுதற்கு முன்னரே கற்பிப்போர் ஒரு கூட்டமாகத் தோன்றியிருத்தல் வேண்டும் என்பதே அதனாற் பெறப்படும் உண்மை.

இவ்வுண்மையை அண்மைக் காலத் தமிழ் நாடக மேடையின் வரலாற்றிலும் தெளிவுறக் காணலாம். அம்மேடையிலே நடிகரை உருவாக்கிய பள்ளிகள் இரண்டு. ஒன்று தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளின் வழிவந்த தொழின்முறைச் சிறுவர் குழு. மற்றையது பம்மல் சம்பந்த முதலியாரின் வழிவந்த பயில்முறைச் சபை. முன்னது உடலையும் குரலையும் நினைவாற்றலையும் பண்படுத்தியது. பின்னது அறிவையும் சுவையுணர்வையும் பண்படுத்தியது. இவற்றுள் எது உயர்ந்தது என வாதிடுவோர் பலர். ஒன்று மட்டும் முழு நடிகனை ஆக்கியதன்று. இரண்டும் ஒருவனிடத்திற் கூடிய போதே நடிப்பு முதிர்ச்சி பெற்றது என்பதே வரலாறு காட்டும் விடை.

சங்கரதாஸ் சுவாமிகள் 1867இல் தூத்துக்குடியிற் பிறந்தவர். அவர் மேடையேறிய காலத்தில் நடிகர் பலர் ஒத்திகை என்பதையே அறியார். வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து ஒரே இரவிற் கூடி நடித்துப் பிரிவது வழக்கமாயிருந்தது. கதை எல்லோர்க்கும் தெரியும், பாட்டும் தெரியும், உரையாடலோ அவரவர் நாவன்மைக்கு விடப்பட்டது. எதிரில் நிற்பவரை வினாவால் மடக்குவதே திறமை எனக் கருதப்பட்டமையால், நாடகம் ஒருபுறம் நிற்க, நடிகர் ஒருவரோடொருவர் வாதிட்டுக் கைதட்டல் பெற்றனர். சுவாமிகளும் தொடக்கத்தில் நடிகராகவே விளங்கினார். எமன், சனீசுவரன் முதலிய அச்சந்தரும் வேடங்களிற் பெயர்பெற்ற அவர், தம் வேடத்தைக் கண்டு கருவுற்றிருந்த பெண்ணொருத்தி அஞ்சித் துன்புற்றமையால் வேடம் புனைதலை விடுத்து ஆசிரியரானார் என்று கூறுவர். எவ்வாறாயினும், அவர் தமது ஆற்றலைத் தம் நடிப்பிற் செலவிடாது பிறரை நடிக்கச் செய்வதிற் செலவிட்டதே தமிழ் நாடகத்துக்கு ஆக்கமாயிற்று. 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையை அமைத்த அவர், பின்னர் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவி, முற்றிலும் சிறுவர்க்கே கற்பிக்கலானார். முதிர்ந்த நடிகர் பழைய பழக்கத்தை விடார். இளஞ் சிறாரோ எழுதாத பலகை போன்றவர் என்பதே இம்மாற்றத்தின் உட்பொருள் எனலாம்.

'பாய்ஸ் கம்பெனி' என மக்கள் வழங்கிய இக்குழுக்களின் கல்விமுறை கடுமையானது. சிறுவன் முதலில் தோழனாகவோ சேவகனாகவோ மேடையில் நிற்பான். நிற்கும்போதே பிறர் பாடமெல்லாம் அவன் செவியில் ஏறும். ஒருவன் நோயுற்ற நாளில் இன்னொருவன் அவ்வேடத்தைத் தாங்க வேண்டியிருத்தலின், நாடகம் முழுவதும் மனப்பாடமாதல் இயல்பாயிற்று. ஒலிபெருக்கியில்லாத கொட்டகையிலே கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் சொல் திருத்தமாகக் கேட்க வேண்டும். ஆகவே உச்சரிப்பும் மூச்சடக்கமும் முதற்பாடமாயின. ஸ்திரீபார்ட் வேடம் பூண்ட சிறுவன், நடையையும் கையசைவையும் புதிதாகக் கற்க நேர்ந்தமையால், உடலை வேண்டியவாறு மாற்றும் ஆற்றலை இளமையிலேயே பெற்றான். இவ்வாறு பயின்றவருள் ஒருவர், 1912இற் பிறந்து ஆறாம் வயதிலே சகோதரருடன் இச்சபையிற் சேர்ந்த தி. க. சண்முகம். அச்சிறுவனின் ஆற்றலைக் கண்டு, அவனுக்கென்றே 'அபிமன்யு சுந்தரி' என்னும் நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதிமுடித்தார் என்பது நாடக உலகம் போற்றும் செய்தி. மாணவனுக்கேற்பப் பாடம் வகுத்த ஆசிரியரின் திறம் இதனாற் புலனாகும்.

இம்முறையின் குறைகளையும் மறைத்தல் நேர்மையன்று. ஆசிரியர் சொல்லிக் கொடுத்த அசைவையே மாணவன் திருப்பிச் செய்தான். அவ்வசைவு ஏன் என வினவ அவனுக்கு இடமில்லை. அதனால் ஓர் ஆசிரியரின் மாணவர் பதின்மர் ஒரே அச்சில் வார்த்தவர் போல் அமைதலும் உண்டு. சிறுவர் பெற்றோரைப் பிரிந்து ஊர் ஊராய்த் திரிந்தனர், பள்ளிக்கல்வியை இழந்தனர். அடியும் பட்டினியும் அறியாத குழு அரிது. இவை எல்லாவற்றினும் கொடியது மகரக்கட்டு. இனிய குரலாற் கொட்டகையை நிரப்பிய சிறுவனுக்குப் பருவ மாற்றத்தாற் குரல் உடைந்ததும், நேற்றுவரை அவனுக்கிருந்த மதிப்பு நீங்கியது. சிலர் நகைச்சுவை வேடத்துக்கோ எதிர்வேடத்துக்கோ மாறினர். சிலர் திரைக்குப் பின்னே பணியாளராயினர். பலர் தொழிலையே விட்டகன்றனர். குரலொன்றையே முதலாகக் கொண்டவன் அதனோடு வீழ்ந்தான். பேச்சையும் பார்வையையும் உடன் பயின்றவன் மீண்டெழுந்தான். நடிகனின் வாழ்வில் உண்மையான தேர்வு மேடையேறும் முதல் நாளன்று; முதலில் புகழ் தந்த ஆற்றல் கைவிடும் நாளே அத்தேர்வு நாள்.

மற்றைப் பள்ளியை நோக்கின் அதன் சூழலே வேறு. 1873இற் பிறந்த பம்மல் சம்பந்த முதலியார் கல்லூரியிற் பயின்று வழக்கறிஞராகிப் பின் நீதிபதியாகவும் விளங்கியவர். பல்லாரி கிருஷ்ணமாசாரியாரின் தெலுங்கு நாடகக் குழு சென்னையில் நடித்தமை கண்டு ஊக்கமுற்று, 1891இல், பதினெட்டாம் வயதிலே, நண்பருடன் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். கற்றோர் நாடகமாடுதல் இழிவெனக் கருதப்பட்ட காலத்தில், வழக்கறிஞரும் அலுவலரும் அச்சபையில் வேடம் புனைந்தனர். பாட்டின் ஆட்சி குறைந்து உரைநடை உரையாடல் முதன்மை பெற்றது. விடியுமளவும் நீண்ட நாடகம் சில மணி நேரத்துக்குள் அடங்கியது. ஒத்திகையும் காலந்தவறாமையும் விதியாயின. சேக்சுப்பியரின் நாடகங்கள் தமிழுருப் பெற்றன. அவர் எழுதிய நூல்களுள் ஒன்று, 'நடிப்புக் கலையில் தேர்ச்சி பெறுவதெப்படி?' என்னும் பெயருடையது. அப்பெயரே அவர்தம் கொள்கையைக் காட்டும்: நடிப்பில் தேர்ச்சி பெறலாம், பெறுதற்கு வழியுண்டு, அவ்வழியை நூலால் உணர்த்தலும் கூடும். பாத்திரத்தின் உள்ளக் கருத்தை அறிந்த பின்னரே உடலசைவு என்னும் முறை இங்கே தலைதூக்குகின்றது. 1959இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர் 1964இல் மறைந்தார்.

எனினும், இப்பள்ளியும் குறைவற்றதன்று. இதில் பயின்றவர்க்கு நாடகம் ஓய்வுநேரப் பணி. மேடையாற் சோறுண்ண வேண்டிய தேவை இன்மையால் அவர்க்குத் துணிவும் ஆராய்ச்சியும் கைவந்தன. அதே காரணத்தால் நாள்தோறும் நடிப்போர்க்குரிய உரம் வாய்ப்பது அரிதாயிற்று. தொழின்முறைச் சிறுவன் ஒரு திங்களில் ஏறிய மேடைகளைச் சபை நடிகன் ஓராண்டிலும் ஏறியிரான். பாத்திரத்தை உணர்ந்தும், அவ்வுணர்ச்சியைக் கடைசி வரிசைவரை கொண்டுசெல்லும் குரலின்றி இடர்ப்பட்டோர் அங்கே இருந்திருப்பர். அறிந்ததை உடல் ஏற்றுச் செய்வதற்குக் காலம் வேண்டும். அக்காலத்தைத் தொழில் ஒன்றே தரவல்லது.

இவ்விரு நீரோட்டங்களும் கலந்த இடமே ஆராயற்பாலது. 1922இல் சுவாமிகள் மறைந்தபின், தி. க. சண்முகமும் அவர் சகோதரரும் 1925இல் தமக்கெனத் தனிக்குழு அமைத்தனர். அக்குழுவுக்கு ஆசிரியராய் அமைந்தவர் எம். கந்தசாமி முதலியார். அவர் பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகங்களில் தோய்ந்தவர். அம்முறையைத் தொழின்முறைக் குழுக்களுக்குக் கொண்டுவந்தவர். புராணக் கதையும் பாட்டுமே அறிந்த இளைஞருக்குச் சமூக நாடகங்களை அவர் பயிற்றினார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலைத் தழுவிய 'மேனகா' அவற்றுள் ஒன்று. அது 1935இல் திரைப்படமாகவும் வெளிவந்தது. அரசனும் முனிவனுமாய் நின்று பழகிய நடிகன், தன் தெருவில் வாழும் மனிதனாய் நிற்க நேர்ந்தபோது, மனப்பாடமாய்க் கொண்ட அசைவுகள் அவனுக்கு உதவா. அங்கே அவன் கண்டறியவும் எண்ணவும் வேண்டியவனானான்.

இருவகைக் கல்வியும் ஒன்றாய்க் கனிந்ததைச் சண்முகம் 1940களில் ஏற்ற ஔவையார் வேடத்திற் காணலாம். முப்பது வயது ஆடவர் ஒருவர் மூதாட்டியாய் நின்றார். அவ்வேடத்தாலேயே 'ஔவை சண்முகம்' எனப் பெயர்பெற்றார். ஆடவர் பெண்வேடம் பூணுதல் சிறுவர் குழுவுக்குப் பழையது. ஆயின், சிறுவன் பூணும் பெண்வேடம் இளமையின் எழிலையும் இனிய குரலையும் நம்பி நிற்பது. மூதாட்டி வேடமோ அவ்விரண்டையும் துறந்து, தளர்ந்த உடலையும் தளராத அறிவையும் ஒருங்கே காட்டவேண்டுவது. முன்னதற்குப் பயிற்சி போதும். பின்னதற்குப் பயிற்சியோடு சிந்தனையும் வேண்டும்.

சிறுவர் குழுவின் மாணவருள் உலகம் நன்கறிந்தவர் சிவாஜி கணேசன். 1952இல் 'பராசக்தி' வெளிவந்தபோது, இருபத்துநான்கு வயதிளைஞர் ஒரே நாளிற் புகழெய்தினார் என்றே பலரும் எண்ணினர். அதற்கு முன் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள், பெண்வேடம் முதலாகப் பலவகை வேடங்களையும் மேடையில் தாங்கியவர் அவர் என்பதை மறத்தல் ஆகாது. திரைப்படத்துக்கு அவரது நடிப்பு மிகை என்று குறைகூறுவோர் உளர். அக்குறையில் உண்மை இல்லாமலில்லை. அருகிருந்து நோக்கும் படக்கருவிக்குக் கடைசி வரிசையை எட்டும் குரல் வேண்டுவதன்று. ஆயினும், நெடிய வசனத்தை மூச்சும் பொருளும் முறியாது சொல்லும் ஆற்றல் அக்கொட்டகை தந்த கொடை. குறையும் நிறையும் ஒரே வேரிற் கிளைத்தவை. ஒன்றைப் பெற்று மற்றையதை ஒழித்தல் எளிதன்று.

ஈழத்திலும் இவ்விரு பள்ளிகளின் சாயலைக் காணலாம். கலையரசு க. சொர்ணலிங்கம் (1889–1982) பம்மல் சம்பந்த முதலியாரைக் குருவாகக் கொண்டு, பயில்முறைச் சபையின் ஒழுங்கை இங்கு நிலைநாட்டியவர். 1968இல் வெளிவந்த 'ஈழத்தில் நாடகமும் நானும்' என்னும் அவர்தம் நூல், நடிகன் ஒருவன் தன் தொழிலைத் தானே ஆராய்ந்த அரிய சான்று. மற்றொரு புறத்தே, இசை நாடக மரபில் நின்றவர் நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989). அரிச்சந்திர மயான காண்டத்தை அவர் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மேடைகளில் நடித்தார் என்பர். கதையையும் பாட்டையும் முன்னரே அறிந்த மக்கள் திரும்பத் திரும்ப வந்து காணும்போது, அடுத்து என்ன நிகழும் என்னும் ஆவலை நடிகன் நம்பியிருத்தல் இயலாது. அறிந்த துயரத்தை மீண்டும் புதிதாக உணரச் செய்தலே அவன் பணி. ஒரே வேடத்தை மீள மீள நடித்தல் சிறியவனைப் பொறியாக்கும்; பெரியவனை மேலும் ஆழமாக்கும் என்பதற்கு அவரது வாழ்வு எடுத்துக்காட்டு.

சிறுவர் குழுக்கள் இன்று இல்லை. சிறாரின் கல்வியையும் இளமையையும் விலையாகக் கொண்ட முறை மறைந்தமைக்கு வருந்துதல் வேண்டா. ஆனால், அம்முறை அளித்த குரற்பயிற்சிக்கும் நெடுங்கால ஒத்திகைக்கும் ஈடாக எது வந்தது என்ற வினா எஞ்சி நிற்கின்றது. யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரி இவ்வினாவுக்கு விடைகாண முயன்றது; களப்பயிற்சி வாயிலாக, அடியும் அச்சமுமின்றி உடலையும் குரலையும் பண்படுத்தலாம் எனக் காட்டியது. பின்னர் நாடகமும் அரங்கியலும் பாடசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பாடமாயின. இது பெரும் பேறே. ஆயினும், பாடம் தேர்வுத்தாளோடு முடியுமாயின், பம்மலார் பள்ளியின் ஒரு பகுதி மட்டுமே கைவந்ததாகும். பாடசாலை விழாவுக்கு இரு கிழமை ஒத்திகை பார்த்து, ஓர் இரவு நடித்து, மறுநாள் மறந்துவிடும் வழக்கம் நடிகரை ஆக்காது.

ஆண்டுதோறும் ஒரே குழு, ஒரே ஆசிரியரின் கீழ், ஒரு நாடகத்தையேனும் பல ஊர்களிற் பன்முறை நடிக்குமாயின் இரு பள்ளிகளின் நலனும் ஓரளவு வாய்க்கும். சேவகனாய் நிற்கும் மாணவனும் தலைவனின் பாடத்தைக் கற்கட்டும். தலைவனாய் நிற்பவன் தன் அசைவுக்குக் காரணம் சொல்லப் பழகட்டும். மாதவியின் அரங்கேற்றத்துக்கு ஏழாண்டு வேண்டியிருந்தது. அவ்வேழாண்டைக் குறைக்கும் வழியை எந்த நூலும் இதுகாறும் கண்டதில்லை.