முட்டுக்கட்டை

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் பார்க்க வருகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். நான் குனிந்து பார்த்தே பழகியவள். சின்ன வயதில் ஆச்சி என்னை ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் கூட்டிப்போய், ரத வீதி திரும்புகிற முனையில் தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் ஏற்றிவிடுவார். "ஆண்டாளப் பாரு, கன்னத்துல போட்டுக்கோ" என்பார். என் கண்ணோ சக்கரத்தடியில் இருக்கும். உருண்டு வரும் சக்கரத்துக்கு முன்னால் மரக்கட்டையை ஏந்தியபடி சிலர் பின்னுக்கு நகர்ந்துகொண்டே இருப்பார்கள். நேரான வீதியில் அவர்களை யாரும் கவனிப்பதில்லை. முனை வந்ததும் எல்லாம் அவர்கள் கையில்தான். ஒரு பக்கச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துத் தயங்கவைத்தால் மறுபக்கம் முன்னேறும், தேர் திரும்பும். செருகிய கையை எடுக்கக் கொஞ்சம் தாமதித்தால் கை மிஞ்சாது. வடம் பிடிப்பவர்களுக்குப் பின்னால் நடப்பது தெரியாது; இழுப்பது மட்டும்தான் அவர்கள் வேலை.

அந்தக் கட்டைக்கு முட்டுக்கட்டை என்று பெயர். கூட்டத்தின் மேல் தேர் ஏறிவிடாமல் காக்கும் பொருளின் பெயரை எடுத்து, வேலையைக் கெடுப்பவருக்கு வசவாக வைத்திருக்கிறது நம் மொழி. வீட்டில் ஒரு பெண் "கொஞ்சம் யோசிப்போம்" என்றால் போதும், "முட்டுக்கட்டை போடாதே" என்று பதில் வரும். இழுப்பவருக்குப் பெருமை, நிறுத்துபவருக்குப் பழி. மோட்டார் பந்தயம் பற்றிய நம் பேச்சும் எழுத்தும் சினிமாவும் இதே கணக்கில்தான் ஓடுகின்றன. பெண்ணியம் பேசும் நாமும் அந்தக் கணக்கைத் திருத்தவில்லை என்பதுதான் என் வருத்தம்.

பந்தயத்துக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சென்னையில் படித்தபோது என்னோடு அறையில் இருந்தவள் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி, மெக்கானிக்கல் படித்தாள். பொதிகை எக்ஸ்பிரஸில் ஊருக்கும் சென்னைக்குமாகச் சேர்ந்தே போய் வந்தோம். கல்லூரிப் பலகையில் ஒருநாள், பைக் ரேஸுக்குத் தன்னார்வலர் தேவை என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. டி-ஷர்ட், மதியச் சாப்பாடு, சான்றிதழ். கூடவே ஒரு வரி: மற்றவர்கள் டிக்கெட் வாங்கித் தூரத்திலிருந்து பார்ப்பதை நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்கலாம். இந்த ஆசைகாட்டல் உலகெங்கும் ஒன்றுதான் என்று பிறகு தெரிந்தது.

ரேஸ் தடத்தின் வளைவுகளில் கொடியோடு நிற்பவர்களைக் கார்னர் மார்ஷல் என்பார்கள். முன்னால் ஆபத்து, முந்தாதே என்பதற்கு மஞ்சள் கொடி. தரையில் எண்ணெய் சிந்தியிருந்தால் மஞ்சளும் சிவப்பும் கோடு போட்டது. பின்னால் வேகமாக வருபவருக்கு வழிவிடச் சொல்ல நீலம். சிவப்பு என்றால் பந்தயம் நிற்கும். பைக் ரேஸில் விழுகிறவருக்கு வண்டியின் கூடு கிடையாது. உடம்புதான் தாரில் கிடக்கும். முதலில் ஓடிப்போவது மார்ஷல். ஹெல்மெட்டைக் கழற்றக் கூடாது, மருத்துவர் வரும்வரை புரட்டக் கூடாது. ஆளை விட்டால் வண்டி. நூற்றைம்பது கிலோவுக்கு மேல் இருக்கும் சூடான இரும்பை, அடுத்த சுற்று வருவதற்குள் தூக்கி ஓரம் கட்ட வேண்டும். இத்தனையும் சம்பளமில்லாத வேலை. சென்னைக்கு வெளியே இருங்காட்டுக்கோட்டையில் 1990இல் திறந்த தடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். எந்த வளைவிலும் ஆள் இல்லாமல் பந்தயம் ஓட்ட முடியாது.

நாங்கள் போன ரேஸ் எது, நடத்தியவர் யார் என்பது இங்கே வேண்டாம். போனதும் பெண்களையெல்லாம் பெயர் பதியும் மேசைக்கு அனுப்பினார்கள். நான் போய் உட்கார்ந்தேன். அவள் உட்காரவில்லை. "எனக்கு வளைவு வேணும் சார்" என்று நின்றுகொண்டே இருந்தாள். "வெயில்மா, நாள் முழுக்க நிக்கணும்மா" என்றார் அவர். "எங்க ஊர்ல தேர்வடம் பிடிக்கிறப்ப குடை பிடிச்சிட்டா சார் நிப்போம்?" கடைசியில் கொடுத்தார்கள்.

அந்த வளைவின் மூத்த மார்ஷல் நல்ல மனிதர், ஹார்டுவேர் கடைக்காரர். பதினோரு வருடமாக ஒரு பந்தயம் விடாமல் வருகிறவர். காற்று எந்தப் பக்கம் அடித்தால் கொடியை எப்படிப் பிடிக்க வேண்டும், வண்டி வரும் திசைக்கு ஏன் முதுகு காட்டக் கூடாது என்று எல்லாம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். கழிப்பறை மட்டும் அவர் கையில் இல்லை. அது தடத்துக்கு அந்தப் பக்கம், பந்தயங்களுக்கு இடைவேளை விட்டால்தான் கடக்கலாம். ஆண்கள் வேலியோரம் ஒதுங்கிக்கொண்டார்கள். காலை ஏழு மணிக்குக் குடித்த தண்ணீரோடு இவள் சாயங்காலம் நாலு மணிவரை இருந்தாள். இரவு அறையில் நீர்க்கடுப்பில் புரண்டுகொண்டே, "மூணு பேரு விழுந்தாங்கடீ, மூணு பேரும் எந்திச்சு நடந்து போனாங்க" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

மூன்று பந்தயங்களுக்குப் போனாள். நாலாவதற்குப் போகவில்லை. பந்தயம் நடத்துபவர்கள் கூடினால் பேசுவது இதைத்தான்: வருகிறார்கள், தங்குவதில்லை. அவர்கள் சொல்லும் காரணமும் எனக்கு மனப்பாடம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது.

ஆர்வம் என்ற இந்தச் சொல்லைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். தன்னார்வலர் என்றால் தன் விருப்பத்தால் தன் நேரத்தைக் கொடுப்பவர். கொடுப்பதற்கு முதலில் நேரம் தன்னுடையதாக இருக்க வேண்டும். 2019இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். அதைச் செய்யும் ஆண்களுக்கு 97 நிமிடங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு இதில் விலக்கு கிடையாது. கறி எடுக்கிற வீட்டில் ஞாயிறுதான் வேலை கூடுதல். அந்தக் கடைக்காரர் பதினோரு வருடம் வந்தாரே, அந்த ஞாயிறுகளில் கடையில் உட்கார்ந்தது அவர் மனைவி. பிள்ளைகளுக்குச் சோறு போட்டதும் அவர்தான். "அக்காவக் கூட்டிட்டு வரலயா அண்ணே?" என்று இவள் ஒருமுறை கேட்டாள். "அவளுக்கு இதெல்லாம் பிடிக்காதும்மா." ஒருநாள் அவர் போனை அந்த அக்காவே எடுத்தார். வாங்களேன் ஒரு தடவை என்று இவள் சொல்ல, "என்னய யாரு கூப்பிட்டா?" என்று கேட்டாராம்.

அந்த வளைவில் கொடி பிடித்தவர் ஒருவர், அவரை அங்கே நிறுத்தி வைத்தவர் இன்னொருவர். இரண்டாமவருக்குச் சான்றிதழ் கிடையாது. என் தோழிக்குப் பின்னால் அப்படி ஒருவர் இல்லை. வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு அவளுடைய ஞாயிறைத் துணி துவைப்பதும் மாவு ஆட்டுவதும் எடுத்துக்கொண்டன. கல்யாணத்துக்குப் பிறகு கேட்கவே வேண்டாம். இதை ஆர்வக் குறைவு என்று எழுதினால் அது பொய்க்கணக்கு.

தைரியக் கணக்கும் இப்படித்தான் எழுதப்படுகிறது. 1973இல் நெதர்லாந்தின் சாண்ட்வோர்ட் தடத்தில் கார் பந்தயம். ரோஜர் வில்லியம்சனின் கார் கவிழ்ந்து தீப்பிடித்தது. சக ஓட்டுநர் டேவிட் பர்லி தன் காரை நிறுத்திவிட்டு ஓடிவந்து தனியாளாக அதை நிமிர்த்தப் பார்த்தார், முடியவில்லை. வில்லியம்சன் இறந்தார். பர்லிக்குப் பிறகு வீரப் பதக்கம் கொடுத்தார்கள், அதற்கு அவர் தகுதியானவர்தான். ஆனால் அந்தக் காட்சியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சுற்றி நின்ற மார்ஷல்களைக் கோழைகள் போலவே பேசுகிறார்கள். அவர்களுக்குத் தீ தாங்கும் உடை கொடுக்கப்படவில்லை, போதிய பயிற்சியும் இல்லை. ஓட்டுநர் உடம்பில் அந்த உடை இருந்தது. உடை இருந்தவர் வீரர், இல்லாதவர் கோழை என்று ஆகிப்போனது. யாருக்கு உடை கொடுத்தார்கள், யாருக்குக் கொடுக்கவில்லை என்ற இடத்தில் அந்தக் கதையைத் தொடங்கியிருந்தால் அது வேறு கதை.

நம் ஊர்ச் செய்திகளும் வேறல்ல. 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் பைக் ரேஸில் விழுந்து 13 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். அவன் வாங்கிய பட்டங்களைப் படித்தேன், இரங்கல்களைப் படித்தேன். இந்த வயதில் ஓட்டலாமா என்ற விவாதத்தையும் படித்தேன். அந்த விவாதம் தேவையானது. அன்று வளைவுகளில் கொடியோடு நின்ற பிள்ளைகள் வீட்டுக்குப் போய் எப்படித் தூங்கினார்கள் என்று கேட்ட ஒரு வரியை மட்டும் நான் படித்த நினைவில்லை. அடுத்த மாதமே கிரேட்டர் நொய்டாவில் மோட்டோஜிபி நடந்தது. வெயில் தாங்காது என்று முதன்மைப் பந்தயத்தை 24 சுற்றிலிருந்து 21 சுற்றாகக் குறைத்தார்கள், சரியான முடிவு. ஓட்டுநருக்கு அது முக்கால் மணி நேரத்துக்கும் குறைவான வெயில். காலையிலிருந்து நிற்பவருக்குச் சுற்றுக் கணக்கு கிடையாது.

இனி நம் பக்கம். ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019இல் பாஹாஸ் உலகக் கோப்பையில் பெண்கள் பட்டம் வென்றபோது கொண்டாடினோம். அலிஷா அப்துல்லாவைப் பற்றி எத்தனை கட்டுரைகள்! 1962இல் ஐல் ஆஃப் மேன் டி.டி.யில் தனி பைக்கில் ஓட்டிய முதல் பெண் பெரில் ஸ்வேனையும், அதன்பின் குறைந்தபட்ச எடை விதி கொண்டுவந்து அவர் உரிமத்தைப் பறித்ததையும் நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் வண்டிமேல் ஒரு பெண் ஏறியதும் நம் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம். அதே டி.டி. அறுபது கிலோமீட்டர் சாலையில் ஓடுகிறது. சம்பளமில்லாத மார்ஷல்கள் போதிய எண்ணிக்கையில் வராவிட்டால் பந்தயம் தொடங்காது. அந்த அதிகாரம் நம் கண்ணில் படவே இல்லை. குடை பிடிக்கும் பெண்ணைப் பார்த்துக் கோபப்பட்டோம், ஃபார்முலா ஒன் 2018இல் அந்த வழக்கத்தை விட்டது. கொடி பிடிக்கும் பெண்ணுக்குக் கழிப்பறை எங்கே என்று கேட்க மறந்தோம்.

சம்பளம் கொடுத்தால் தீருமா? எனக்கே இதில் ஒரு முடிவில்லை. கூலி வந்தால் அதிலும் பெண்ணுக்குக் குறைத்துக் கொடுப்பார்கள் என்ற பயம் ஒரு பக்கம். கோயில் தேரில் கட்டை போடுவதை உரிமையாகக் காக்கிறார்கள், கூலிக்காக மட்டும் அல்ல. அந்த உரிமைக்குள் சாதி இருக்கிறது. கண்டதேவியில் வடம் பிடிப்பதற்கே நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. ஆனாலும் கட்டைக்காரரை அடுத்த வருடம் யாராவது வருவாரா என்று தேடுவதில்லை, அவர் இடம் அவருடையது. என் தோழி மூன்று முறை போனபோதும் மூன்று வளைவுகளில் புதிதாக நின்றாள், மூன்று முறையும் பெயர் மேசையில் முதலிலிருந்து வாதாடினாள். ஒரே வளைவைக் கொடுத்து, அடுத்த வருடம் நீ இரண்டு பேருக்குச் சொல்லிக் கொடு என்றிருந்தால் அவள் மாவு ஆட்டுவதை யார் தலையிலாவது கட்டிவிட்டு வந்திருப்பாள் என்றே நினைக்கிறேன்.

இப்போது அவள் ராஜபாளையத்தில் இருக்கிறாள். சத்திரப்பட்டியில் காயத்துக்குக் கட்டும் துணி நெய்யும் தறிக்கூடம் ஒன்றில் கணக்குப் பார்க்கிறாள். போன ஆடிப்பூரத்துக்கு அவளும் நானும் அவள் மகளும் அதே முனையில் போய் நின்றோம். தேர் திரும்பியது. கட்டைக்காரர் ஒருவர் குனிந்து நிமிர்ந்த நேரத்தில் இவள் என் கையைப் பிடித்து, "எல்லோ ஃபிளாக் காட்டணும்டீ இப்ப" என்றாள். மகள் ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் பார்த்தது.

இந்த மாதம் பழைய பந்தயக்காரர் ஒருவர் அவளுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார். மார்ஷல் ஆள் குறைவாம், வர முடியுமா என்று. அவள் பதிலுக்கு நாலு கேள்வி அனுப்பினாள். பெண்களுக்குக் கழிப்பறை தடத்துக்கு எந்தப் பக்கம்? மதியம் மாற்றிவிட ஆள் உண்டா? ரயில் டிக்கெட் யார் எடுப்பது? அடிபட்டால் இன்சூரன்ஸ் யார் பெயரில்? பார்த்துவிட்டார் என்று திரையில் தெரிகிறது, பதில் இன்னும் வரவில்லை. ஷூவை மட்டும் கழுவி மொட்டைமாடியில் காயவைத்திருக்கிறாள்.