சாக்கில் ஏறும் எழுத்து

தகட்டில் வெட்டி, பெயின்ட் ஒற்றிப் பதிக்கிற எழுத்தென்றால் எனக்கு உயிர். டிரெக்டர் பெட்டி, லொறிக் கதவு, மதில் என்று எங்கே கண்டாலும் நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வேன். வரிப்பத்தான்சேனையில் அதற்குப் பஞ்சமில்லை. வேளாண்மை வெட்டி முடிந்து, இறக்காமத்து வட்டைகளிலிருந்து நெல் மில்லுக்கு ஏறுகிற நாட்களில் சாக்குக்குச் சாக்கு எழுத்துத்தான். நீலத்தில் ஒன்று, சிவப்பில் ஒன்று, ஓரத்தில் மை கசிந்து இன்னொன்று. அத்தனையும் அழகு!

இந்த ஆசைக்கு எண்ணெய் ஊற்றியது 'ஸ்டிக் நோ பில்ஸ்' என்ற எழுத்துரு. விளம்பரம் ஒட்டாதே என்று நம் நாட்டு மதில்களில் தகடு வைத்து அடிப்பார்களே, அதே குடும்பம். காலிக் கோட்டையில் இதே பெயரில் பழைய சுவரொட்டிகளுக்கென ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது. அதற்காகப் பிறந்த எழுத்து இது. மூனியாக் என்ற இலங்கை எழுத்துருக் குழு இதைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கூகுள் எழுத்துருத் தொகுப்பில் இலவசமாகத் தந்திருக்கிறது. மெலிவில் 200, தடிப்பில் 800 வரை போகும். நான் 800ஐ விட்டுக் கீழே இறங்குவதேயில்லை. ஒடுங்கி, நெடுத்து, தோளோடு தோள் நெருக்கி நிற்கிற அந்த எழுத்துகளைத் திரையில் முதன்முதலாகப் பெரிதாக்கிப் பார்த்த இரவு எனக்கு நித்திரையே வரவில்லை.

இதற்கு வெகு முன்பே, 1937இல் அமெரிக்காவில் ஹண்டர் மிடில்டனும் ஜெரி பவலும் ஆளுக்கொரு தகட்டெழுத்தை 'ஸ்டென்சில்' என்றே பெயரிட்டு வெளியிட்டார்கள். உலகம் முழுக்கப் பார்த்துப் பழகிய பட்டாளப் பெட்டி எழுத்து பவலுடையது. நல்ல எழுத்துத்தான், மறுக்கவில்லை. ஆனால் அகலம் கேட்கும். நமக்கோ ஊர்ப் பெயர்களே நீளம். 'வரிப்பத்தான்சேனை' ஒன்பது எழுத்து. காலும் கொம்பும் தனித்தனியாக நிற்பதால் தகட்டில் பன்னிரண்டு இடம் பிடிக்கும். 25 கிலோ அரிசிப் பையின் முகத்தில் அதை ஒரே வரியில் ஏற்ற வேண்டுமென்றால் எழுத்து ஒடுங்கத்தான் வேண்டும். ஒடுங்கினால் உயரம் கிடைக்கும், உயரம் இருந்தால் தூரத்தில் தெரியும். தடிப்பும் அப்படியே, ஆடம்பரத்துக்கல்ல. பையின் நெசவு மெல்லிய கோட்டை விழுங்கிவிடும்.

ஒடுங்கிய 'ஸ்டிக் நோ பில்ஸ்' எழுத்திலோ தமிழ் இல்லை. ஆகவே தமிழை நானே வரைந்தேன். அதன் ஆங்கில எழுத்துகளைப் பக்கத்தில் வைத்து, அதே உயரம், அதே தடிப்பு. தகட்டெழுத்தின் உயிர் பாலத்தில் இருக்கிறது. 'ப', 'ர' இரண்டுக்கும் கவலையில்லை, திறந்த எழுத்துகள். 'வ', 'த', 'ச', 'ன' எல்லாவற்றுக்குள்ளும் அடைபட்ட வெளி உண்டு. சுற்றி வெட்டினால் நடுத்துண்டு கழன்று விழுந்துவிடும், அதைப் பிடித்துக்கொள்ளப் பாலம் விட வேண்டும். எங்கே விடுவது என்பதில்தான் அத்தனை சுகமும்! 'வ'வின் சுழியை மேலே கட்டினால் எழுத்தின் தலை பிளந்து நிற்கும். அடிக்கோட்டைத் தொடும் இடத்தில் கட்டிப் பாருங்கள், கண்ணுக்குப் பாலமே தெரியாது, 'வ' மட்டும்தான் தெரியும். ஒல்லியான பாலம் ஈரப் பெயின்டில் அறுந்துபோகும். கோடு தடிப்பாக இருந்தால் பாலத்தையும் தாராளமாக விடலாம், எழுத்து குலையாது. தடித்த எழுத்தை நான் கொண்டாடுவதற்கு இது ஒன்றே போதும்.

புள்ளியைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. ஓலையில் எழுதியவர்கள் புள்ளி குத்தினால் ஓலை கிழியுமென்று பெரும்பாலும் அதை விட்டுவிட்டார்கள். படிக்கிறவர்தான் இடம் பார்த்துச் சேர்த்துக்கொண்டார். தகட்டிலோ புள்ளிதான் எல்லாவற்றிலும் எளிது. ஒரே துளை, பாலமும் தேவையில்லை. 'ப்', 'த்', 'ன்' மூன்றின் தலையிலும் வட்டத் துளை போட்டு எடுத்தபோது வந்த சந்தோஷம் சொல்லி முடியாது.

வெட்டுவதற்குப் பழைய எக்ஸ்ரே பிலிமை மிஞ்ச எதுவுமில்லை. வளையும், கிழியாது, கழுவித் திரும்பப் பாவிக்கலாம். நேர்கோட்டுக்கு இரும்பு அடிமட்டம். வளைவில் மட்டும் கத்தியைப் பிடித்துக்கொண்டு பிலிமைத்தான் திருப்ப வேண்டும். பெயின்ட் தண்ணீராக இருக்கக் கூடாது. ஸ்பொஞ்சில் தொட்டு, பழைய பேப்பரில் ஒருதரம் ஒற்றி மிச்சத்தைக் கழித்துவிட்டு, பிறகு பையில் நேர்க்குத்தாக ஒற்ற வேண்டும். இழுத்தால் தகட்டுக்கு அடியில் மை ஓடிவிடும். பிலிமைத் தூக்குகிற அந்த நொடிக்காக நான் எத்தனை மணித்தியாலமும் குந்தியிருப்பேன். மங்கல் வெள்ளைப் பையில் கறுப்பு எழுத்து, ஓரம் கூர்மையாக, பாலங்கள் பளிச்சென்று!

மில்லில் மூட்டை ஏற்றுகிற காக்கா ஒருவர் பார்த்துவிட்டு, "லொறிக்குள்ள இருந்தே வாசிக்கலாம் தம்பி" என்றார். கண்காட்சியில் பரிசு கிடைத்திருந்தாலும் இவ்வளவு குளிர்ந்திருக்க மாட்டேன். இப்போது 'ஸ்டிக் நோ பில்ஸ்' எழுத்தில் ஆங்கிலமும் சிங்களமும், அவற்றோடு என் தமிழும் என்று மூன்று வரித் தகடு ஒன்று வெட்டி வைத்திருக்கிறேன். மூன்றும் ஒரே உயரம், ஒரே கறுப்பு.

அடுத்தது 'ண'. மூன்று சுழியை ஒடுக்கும்போது கடைசி வளைவைத் தவறான இடத்தில் துண்டித்தால், 'ன'வுக்குப் பக்கத்தில் ஒரு கால் நிற்கிற மாதிரி ஆகி 'னா' என்று வாசித்துவிடுவார்கள். முதற் சுழிக்கு அடியில் ஒரு பாலமும் நடு வளைவின் உச்சியில் ஒரு பாலமும் விட்டு வரைந்து வைத்திருக்கிறேன். கத்திக்குப் புது அலகு வாங்கியாயிற்று.